கத்தினால் கேட்கிற காது

செவிவள்ளல் வருகிறார் என்றதும் மண்டபம் பிதுங்கியது. மருந்து கிடையாது, கத்தி கிடையாது. பித்தளைப் புனலைக் காதில் வைத்து ஒரே ஓதல். செவிடு ஓடியே போய்விடுமாம்! நிபந்தனை ஒன்றுதான். காதுக் கருவியைக் கழற்றி வாசல் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கருவி இருக்கும் இடத்துக்கு அருள் வராதாம். அருளுக்கு அவ்வளவு ரோஷம்.

தகரப் பட்டறைச் சத்தத்துக்குக் காதைப் பறிகொடுத்த ஒருவர் மேடையேறினார். வள்ளல் புனலுக்குள் அலறினார்: “கேக்குதா மகனே?”

“கேக்குது!”

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. மனைவி ஆனந்தக் கண்ணீர் வடித்தாள். “நாளைக்கே மச்சானோட லாரிய எடுக்குறேன்!” என்றார் அவர்.

கூட்டத்திலிருந்து அவருடைய தங்கை எழுந்தாள். காது மருத்துவர்.

“அந்தக் கத்தலுக்குச் சுவரே பதில் சொல்லும். அண்ணன் முதுகுக்குப் பின்னால நின்னு, மெதுவாப் பேசுங்க.”

“நம்பிக்கையில்லாதவங்க எதிர்ல சக்தி வேலை செய்யாதும்மா.”

“அப்ப நான் வெளியே போறேன்.” போயே விட்டாள்.

“பேசுங்க ஐயா! அவ மூக்கு உடையட்டும்!” என்று பக்தர்களே கூவினார்கள். வேறு வழியில்லை. வள்ளல் பின்னால் நின்று, “மகனே, எழுந்திரு” என்றார். மகன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மனைவி மேடைக்கு ஓடிவந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். “என்னங்க... லாரி வருது, ஒதுங்குங்க.”

அவர் யாருக்கோ கையாட்டிக் கொண்டிருந்தார். அவள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தங்கை திரும்பி வந்தாள். “உள்காதுல நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கு அண்ணி. அதுக்குள்ள மயிர் முளைச்ச செல்லுங்க, மெல்லிய சத்தம் வந்தா நீண்டு சுருங்கி அதைப் பெருக்கித் தரும். பட்டறை அதுங்களைக் கொன்னுடுச்சு. பெரிய சத்தத்துக்கு அந்தப் பெருக்கல் தேவைப்படாது. அதான் கத்தினா கேக்குது. செத்த செல்லு கோழிக்குத் திரும்ப முளைக்கும். எலியிலிருந்து மனுசன் வரைக்கும், பால் குடிச்சு வளர்ற நமக்கு முளைக்காது.”

கருவிகளைத் தேடி ஜனங்கள் வாசலுக்குப் பாய்ந்தார்கள். பெட்டி காலி. எல்லாம் வள்ளலுடைய சீடனின் பையில், விலைச்சீட்டோடு!

வள்ளல் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தார். பிடித்துப் போலீசில் கொடுத்தார்கள்.

மறுவாரமே கண்வள்ளல் வந்தார். மூக்குக் கண்ணாடிகளைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வரிசை தெருமுனை வரை நின்றது. உள்காதுச் செல் செத்தால் முளைக்காது, சரி. மூளை உயிரோடுதானே இருக்கிறது ஐயா, அதை எதற்கு வாசலில் கழற்றி வைக்கிறீர்கள்?