மீன் தொட்டியும் கல் உப்பும்

“ஏன்னா, ஓடி வாங்கோ! சாஞ்சுண்டே நீஞ்சறது!”

பாகீரதியின் குரல் கேட்டுச் சேஷகிரி பின்கட்டு ஜன்னலுக்கு ஓடினான். கண்ணாடித் தொட்டிக்குள் வெள்ளித் தட்டு மாதிரி வட்டமான மீன், ஒரு பக்கமாகச் சாய்ந்து அவனைப் பார்த்தது.

மீன் அவனுடையதல்ல, ஆபீஸ் தலைமை குமாஸ்தா ஓஸ்வால்டுடையது. பதினைந்து நாள் லீவில் போனவர், மங்களூர்க் கழிமுகத்து மீனை இவன் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். “இதுக்கு நல்ல தண்ணியும் ஆகாது, கடல் தண்ணியும் ஆகாது. நாக்கில வெச்சா லேசா உப்புத் தெரியணும், மேன்!” மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்ல முடியுமா?

பயமெல்லாம் ஜகதாம்பாள் மாமியிடம்தான். வீட்டுக்காரி. முன்கட்டில் இருந்தாள். இங்கே வெங்காயம் வதக்கினால் அங்கே தும்முகிறவள். மீன் என்று தெரிந்தால் அன்றைக்கே சாமான்கள் தெருவில். 1958-ல், மல்லேஸ்வரத்தில், இந்த வாடகைக்கு இன்னொரு வீடா? கிழிஞ்சது போ! அதனால் தொட்டிமேல் எப்போதும் ஒரு துண்டு கிடந்தது.

“உப்பு கம்மியா, ஜாஸ்தியா? கொஞ்சம் வாயில விட்டுப் பாரேன், பாகி.”

“நானா? சுவாமிக்குப் பண்ற சாம்பாரையே ருசி பாக்க மாட்டேன். மீன் குளிச்ச தண்ணியைக் குடிக்கச் சொல்றேளா? என் கரண்டியையும் தொடாதேங்கோ!”

விரலை நனைத்து நக்கினான். கரித்தது. இரண்டு சொம்பு தண்ணீரை எடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றினான்.

மறுநாள் இன்னும் கரித்தது. மீனும் இன்னும் சாய்ந்தது.

“நீ உப்பு போட்டியா?”

“நான் ஏன் போடறேன்? நீங்கதான் போட்டுட்டு மறந்திருப்பேள்!”

நாலு சொம்பு மாற்றினான். அதற்கடுத்த நாளும் அதே கதை. பாகீரதிக்கு ரோஷம் வந்துவிட்டது. உப்பு ஜாடியை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை. தொட்டியில் மட்டும் இருந்தது. இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

ஆறாம் நாள் காலை சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்தவன், மீன் அநேகமாகப் படுத்தே விட்டதைப் பார்த்துப் பதறி எழுந்தான். கையில் தீர்த்தம் எடுக்கும் உத்தரணி இருந்தது. துண்டை விலக்கி, அதாலேயே தொட்டித் தண்ணீரை மொண்டு, பழக்க தோஷத்தில் “அச்சுதாய நமஹ” என்று உறிஞ்சினான்.

ஜன்னலுக்கு வெளியே ஜகதாம்பாள் மாமி நின்றாள். அவனைப் பார்த்தாள். உத்தரணியைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். விறுவிறுவென்று முன்பக்கமாக நடந்தாள்.

“பாகி! போச்சு, எல்லாம் போச்சு! மாமி பாத்துட்டா!”

பாகீரதிக்குச் சண்டை மறந்துவிட்டது. ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “அழாதேங்கோ. ஒக்கலிபுரத்துல எங்க சந்தானம் மாமா இருக்கார். பொட்டியைக் கட்டுங்கோ, பாத்துக்கலாம்.”

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மாமி உள்ளே வந்தாள். சேஷகிரி இரண்டு கையையும் கூப்பினான். “மாமி, மன்னிச்சுடுங்கோ! இன்னிக்கே காலி பண்ணிடறோம்!”

“காலி பண்றதுன்னா நீ பண்ணு, மீன் இங்கேயே இருக்கட்டும், மங்களூர்ல பத்து வருஷம் இதே மீனை வளர்த்தவ நான், ஜன்னல் வழியா தெனம் ஒரு பிடி கல் உப்பு போடப் போட, நீ பச்சைத் தண்ணியை ஊத்தி அதைக் கொல்லப் பாக்கறியே, பாவி!”