கடல் இறக்கிவிட்ட கார்

"இது பெற்றோலும் இல்ல, தண்ணியும் இல்ல முனாப் காக்கா" என்று பாண்டிருப்பு மெக்கானிக் சாமித்தம்பி கார் டாங்கியிலிருந்து வடித்த போத்தலை வெயிலில் தூக்கிப் பிடித்தார். கீழே தண்ணீர் தெளிந்து நின்றது. மேலே பெற்றோல் மிதந்தது.

முனாப் போத்தலை வாங்கி முகர்ந்து பார்த்தார். வருகிற ஞாயிறு மகள் பஸ்மினாவுக்குக் கல்யாணம். அக்கரைப்பற்றிலிருந்து மாப்பிள்ளை றிபாஸை இந்தக் காரில்தான் மருதமுனைக்குக் கூட்டி வருவேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"மழைத் தண்ணி போயிருக்குமா அண்ணன்?"

"மழை இவ்வளவு போகாது. ஆரோ மூடியத் திறந்து ஊத்தித்தான் இருக்கு."

அது சும்மா கார் இல்லை. சுனாமி அன்று முனாப் கொழும்பில் இருந்தார். அலையைக் கண்டதும் மனைவி சுபைறாவும் மகளும் வாசலில் நின்ற அந்தப் பழைய மொறிஸ் மைனருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடல் காரைத் தூக்கியது. மதில்களுக்கு மேலால் கொண்டு போனது. பெரிய றோட்டுக்கு அப்பால் ஒரு வாழைத் தோட்டத்தில் மெதுவாக இறக்கி வைத்தது. வீடுகள் அத்திவாரத்தோடு போன அந்த நாளில், தாயும் மகளும் கதவைத் திறந்து கீழே இறங்கினார்கள்.

அதை நினைத்தால் முனாப்புக்கு இப்போதும் மயிர்க்கூச்செறியும். ஊருக்கும் அப்படித்தான். காரைக் கண்டால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போவார்கள். யுத்தம் முடிந்த அந்த மாதத்தில், சோதனைச் சாவடிச் சிப்பாய் ஒருவன் கதையைக் கேட்டுவிட்டு, சோதனை போடவே மறந்து காரைத் தடவிக்கொண்டு நின்றான்.

அப்படிப்பட்ட காரில் தண்ணீர் ஊற்ற எவனுக்கு மனம் வரும்?

"உங்கட காக்காதான்" என்றார் முனாப் மனைவியிடம். சுபைறாவின் அண்ணன் ஸலாஹுதீன் தன் மகனுக்குப் பஸ்மினாவைக் கேட்டிருந்தார். முனாப் கொடுக்கவில்லை.

"கண்ணால கண்டீங்களா? அவர் அப்பிடிச் செய்யிற ஆள் இல்ல" என்றாள் சுபைறா.

சாமித்தம்பி டாங்கியைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார். முனாப் புதுப் பெற்றோல் அடித்து, றோட்டோரம் நின்ற காரை வீட்டின் பின்வளவுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். கல்யாண வீட்டில் பின்வளவு பெண்களுடையது. மா இடிக்கவும் பலகாரம் சுடவும் தெருப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஆண்களுக்கு அங்கே இடமில்லை.

"இத்தின பொம்புளயள்ற கண்ணத் தாண்டி எவன் வாறான், பாப்பம்" என்றார் முனாப்.

மறுநாள் கார் ரெண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. இந்த முறை போத்தலில் முக்கால்வாசி தண்ணீர்.

முனாப்புக்குத் தலைக்கேறிவிட்டது. மதிய லுஹர் தொழுகை முடிந்து வெளியே வந்த ஸலாஹுதீனைப் பள்ளி வாசலிலேயே மறித்தார்.

"எண்ட கார்ல தண்ணி ஊத்தினயா, இல்லயா?"

ஊர் நின்று பார்த்தது. ஸலாஹுதீன் அல்லாஹ்மேல் சத்தியம் செய்தார்.

"வல்லாஹி, இல்ல மச்சான். எண்ட தங்கச்சியயும் மருமகளயும் காப்பாத்தின காரு அது. அதுல கை வைக்கவே எனக்குப் பயம்."

கல்யாணச் சமையலைத் தலைமேல் போட்டுக்கொண்டிருந்த ஸலாஹுதீன் அன்று பின்னேரமே தன் ஆட்களோடு ஒதுங்கிவிட்டார். சுபைறா அழுதாள். தாய்மாமன் இல்லாமல் பிள்ளைக்குக் கல்யாணம் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. முனாப்புக்கும் நெஞ்சுக்குள் குத்தியது. ஆனால் வாயால் விட்டதைத் திரும்ப விழுங்குவது எப்படி?

ஞாயிறு காலையில் சாமித்தம்பி மறுபடியும் டாங்கியைக் கழுவிப் பெற்றோல் நிரப்பிக் கொடுத்தார். முனாப் குளித்து உடுத்தி வரும்வரை கார் பின்வளவில் நின்றது. கல்யாணத்துக்கு வந்த பெண்கள் அதைச் சுற்றி நெருக்கமாக நின்றதைப் பார்க்க அவருக்கு நிம்மதியாக இருந்தது.

போகும்போது கார் தங்கமாக ஓடியது. திரும்பும்போது, மாப்பிள்ளையோடு, களியோடைப் பாலம் தாண்டி வயல் நடுவில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

பின்னால் வந்த வேனிலிருந்து மாப்பிள்ளையின் மாமா அப்துல் ஸமட் இறங்கினார். "றிபாஸ் தம்பி, வேனுக்கு மாறுங்க. இது எனக்கு மனசுக்குப் புடிக்கல்ல. கலியாணத்தயே இன்னொரு நாளைக்கி வைப்பம்."

றிபாஸ் தலைப்பாகையைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். "பஸ்மினா உசிரோட வந்து இறங்கின கார் மாமா. தள்ளியாவது இதிலதான் போவன்" என்று குனிந்து தள்ளத் தொடங்கினார்.

வயலில் நின்றவர்கள் பார்த்தார்கள். "சுனாமிக் காரா இது?" என்று ஒருவர் மெல்லக் கேட்டார். சேற்றுக் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துத் துடைத்து ஒவ்வொருவராக வரம்பேறி வந்தார்கள். தொட்டிலைத் தொடுகிற மாதிரித் தொட்டுத் தள்ளினார்கள். கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. அப்துல் ஸமட்டும் எப்போது வந்து கை வைத்தாரோ தெரியவில்லை. முனாப் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஸலாஹுதீன். பின்னால் பெற்றோல் கலனை மடியில் வைத்தபடி அவர் மனைவி ஸகியா. கார் நின்றதை வேனில் வந்த ஒருவர் சுபைறாவுக்குச் சொல்ல, அவள் அண்ணனுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். வேனில் வந்த சாமித்தம்பி டாங்கியை வடித்துப் புதுப் பெற்றோலை ஊற்றினார். கார் உறுமியது.

முனாப் ஸலாஹுதீனின் கையைப் பிடித்தார். "என்ன மாப் பண்ணு மச்சான்."

"அத உடுங்க. மாப்பிள்ள வெயில்ல நிக்கிறாரு."

"ஆனா, இதுல தண்ணி ஊத்தின துரோகி மட்டும் எண்ட கையில கிடைச்சா..."

ஸகியாவுக்கு மனம் தாங்கவில்லை. "துரோகியா? என்ன காக்கா கதைக்கிறீங்க? இது பறக்கத்தான காரு, அல்லாட அருள் உள்ள காரு எண்டு நாங்க பொம்புளயள் எல்லாருந்தான் முழங்கால் வலிக்குப் பூச கொஞ்சம் கொஞ்சம் பெற்றோல் எடுத்தம். சும்மா எடுத்தா களவாப் போயிருமே எண்டு, ஹஜ்ஜுக்குப் போய் வந்த வீடெல்லாம் தேடி, எடுத்த அளவுக்கு மக்கத்து ஸம்ஸம் தண்ணி ஊத்தித்தானே வச்சம்."