பெரட்டுக் களத்தில் ஒரு தேர்தல்

கை தூக்குவதெல்லாம் ஒரு வேலையா என்று நினைக்கிறவர்கள் என் மாமனாரோடு பழகியதில்லை.

அப்போது நான் இலங்கையில் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கணக்கப்பிள்ளை. கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் (நிறையத் தெரிந்த மாதிரி நடப்பேன்). தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணியின் மகள் செல்லம்மாவைப் பெண் கேட்டிருந்தோம். "ஞாயித்துக்கெழம முடிவச் சொல்றேன் தம்பி" என்றிருந்தார் கங்காணி.

அந்த ஞாயிறு பார்த்துத்தானா துரை வீட்டுக்கு விருந்தாளி வர வேண்டும்! அமெரிக்கப் பாராளுமன்ற மெம்பராம். தோட்டத்து ஜனங்களோடு பேச ஆசைப்பட்டார். தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் கூட்டினார்கள். மொழிபெயர்க்க நான்.

மனிதர் தன் கதையைச் சொன்னார். அப்பா சோளம் விதைக்கிறவர். இவர் விறகு வெட்டி, வாத்தியாராகி, வக்கீலாகி, தேர்தலில் இரண்டு முறை மண்ணைக் கவ்வி, மூன்றாம் முறை ஜெயித்தாராம்.

"தேர்தல்னா என்னாங்க?" என்று கேட்டாள் கொழுந்து பறிக்கும் முத்தாயி.

வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மேதாவி நான், செய்தே காட்டக் கிளம்பினேன். மாமனாராகப் போகிறவருக்கும் பெருமையாக இருக்குமே!

"நம்ம பெரிய கங்காணியே தொடர்ந்து இருக்கணும்னு நெனைக்கிறவங்க கையத் தூக்குங்க!"

ஒரு கைகூட எழவில்லை. வெளியே இருந்த கைகளும் முந்தானைக்குள் போயின. கங்காணியின் மீசை துடித்தது.

"ஏன் ஆத்தா?" என்று முத்தாயியைக் கெஞ்சினேன்.

"பெரட்டுல கை தூக்குனா வேலைக்குப் பேரு போட்டுருவீங்க. ஞாயித்துக்கெழமையும் மலை ஏறவா?"

நியாயந்தான். ஆனால் கங்காணி என்னையே பார்த்தார். "அவுங்க சரி தம்பி. நீங்க ஏன் தூக்கல?"

ஐயோ! என் ஒரு கையில் விருந்தாளியின் தொப்பி, மறு கையில் அவருக்குப் போட்ட மாலை.

"பொண்ணு கேக்க மட்டும் கை நீளுதாக்கும்!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். செல்லம்மா போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என்ன விஷயம் என்று அமெரிக்கர் கேட்டார். உளறிக் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஓடிப்போய்க் கங்காணியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல, மூக்கை உறிஞ்சிக்கொண்டே மொழிபெயர்த்தேன்:

"மொத தேர்தல்ல என் கூடப்பொறந்த தம்பியே எனக்கு ஓட்டுப் போடல. அவனோட பேச்ச விட்டேன். அடுத்ததுலயும் தோத்தேன். அப்புறம் நானே அவன் வீட்டுக்குப் போயி சோறு கேட்டேன். மூணாவது தடவ எனக்காக வீடு வீடா நடந்தவன் அவன்தான்."

கங்காணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தொரைக்கே இந்தக் கதியா!" என்றார். பிறகு என்னிடம், "கண்ணத் தொடைங்க. கல்யாணத்தத் தையில வச்சுக்குவோம்" என்றார்.

அந்த மகராசனின் பெயர் எனக்குக் கடைசிவரை வாயில் நுழையவில்லை. எந்தச் சீமையில் இருந்தாலும் நல்லா இருக்கட்டும். என் குடும்பமே அவர் போட்ட பிச்சை.

தாலி கட்டப் போகும் நேரம். மாமனார் சும்மா இருப்பாரா? "மாப்பிள்ளையப் புடிச்சவுங்க கையத் தூக்குங்க!" என்றார். பாவிகள், சொல்லிவைத்த மாதிரி ஒருவரும் தூக்கவில்லை. செல்லம்மா மட்டும், குனிந்த தலை நிமிராமல், கையை உயர்த்தினாள்.

இப்போதும் எங்களுக்குள் சண்டை வந்தால், "அன்னைக்குத் தூக்குன கைய எறக்கிக்கிட்டேன்!" என்கிறாள். பேரப்பிள்ளைகள் உடனே ஓட்டு எண்ண ஓடி வருகிறார்கள்.