மூடி பாஸ் கொடுத்த மஞ்சள் ராஸ்

மீனை விற்க மனமே இல்லாமல் வளர்ப்பு மீன் கடை நடத்துகிறவர் கிள்ளானில் ஒருவர்தான். அவர் மூடி பாஸ். பவளத் தொட்டியில் வளர்க்கும் ராஸ் மீன் வேண்டும் என்று யார் போனாலும், குடிநுழைவு அதிகாரி மாதிரி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தொட்டிக்கு மூடி இருக்கா?" என்பார். ராஸ் துள்ளும், மூடியில்லாவிட்டால் தரையில் விழுந்து சாகும். நாளைக்கே மூடி போடுவதாகச் சொன்ன ஒருவரிடம், "அப்போ மீனும் நாளைக்கே," என்று கடை விளக்கை அணைத்தாராம்.

போன வருடம் என் மகள் கிரேஸை, காப்பார் சாலையில் மோட்டார் சைக்கிளில் வரும்போது லோரி இடித்தது. கால் முறிந்து இரண்டு மாதம் படுக்கை. யாரிடமும் பேச்சில்லை, சாப்பாடும் அரைகுறை. ஒருநாள் அறையிலிருந்த தன் மீன் தொட்டியைப் பார்த்தபடி, "ஒரு ராஸ் வாங்கித் தரியாம்மா?" என்றாள். பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கிள்ளானுக்கு ஓடினேன்.

மூடியின் படத்தைக் காட்டிய பிறகுதான் பேச்சே ஆரம்பித்தது. விபத்தையும், கிரேஸ் சரியாகச் சாப்பிடாததையும் சொன்னேன்.

"அந்த ஆறு கோடு போட்டது?"

"அது கேங்ஸ்டர் லா அக்கா. சின்ன மீனையெல்லாம் மூலையில நிறுத்திடும்."

"புள்ளி போட்டது?"

"சாப்பிடவே அடம் பிடிக்கும். உங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு ஆள் அப்படித்தானே?"

கடைசியில் சாதுவான ஒரு மஞ்சள் ராஸைப் பிடித்துக் கொடுத்தார்.

தொட்டியில் விட்டதும் அது மணலுக்குள் புகுந்தது. மூன்று நாள் ஆளைக் காணோம். "செத்துப்போச்சும்மா," என்று கிரேஸ் தட்டைத் தள்ளி வைத்தாள். பாஸுக்குப் போன் செய்தேன்.

"மணல தோண்டிடாதீங்க! பயத்துல படுத்திருக்கு."

"மூணு நாளாவா பாஸ்?"

"நீங்க அந்த அக்சிடென்டுக்கு அப்புறம் பயம் தெளிய எத்தன நாள் ஆச்சு?"

வீட்டு விலாசத்தைக் கேட்டுக்கொண்டு போனை வைத்தார். மத்தியானம் பார்த்தால் வாசலில் நிற்கிறார். கடையைப் பூட்டிவிட்டு ரயிலேறி வந்திருக்கிறார். தோள்பையைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் மெதுவாக மணலருகே நீளக் கரண்டியைக் கொண்டுபோனேன்.

"கரண்டிய கீழ வைங்க அக்கா!"

கிரேஸ் சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து மணல் லேசாகப் புடைத்தது. மஞ்சள் மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது.

"அம்மா! வந்துட்டான்மா!"

"நான்தான் சொன்னேன்ல," என்றார் பாஸ், தானே பெற்றெடுத்த மாதிரி.

லிஃப்ட் வரை வழியனுப்பப் போனேன். அவர் தோள்பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே, காற்றடைத்த பிளாஸ்டிக் பையில் இன்னொரு மஞ்சள் ராஸ். அதே அளவு, அதே நிறம்.

"இது எதுக்கு பாஸ்?"

"சும்மா லா. கடையிலேயே அடைஞ்சு கெடக்குதே, கொஞ்சம் ஊர் சுத்தட்டும்னு கூட்டிட்டு வந்தேன்," என்றவர், கிரேஸின் அறைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.