கோட்டை பார்க்க வந்தவர்களுக்கு நரம்பு காட்டியது

கடப்பாக்கம்,
16.6.2009

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஏசுபாதம் மாமாவுக்கு, சிநேகா எழுதுவது.

போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் "சொல்லு பாப்பா" என்றதும் சொல்ல வந்தது எனக்கு மறந்துவிடும். கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், எங்கள் மருத்துவமனையைத் தவிர.

நரம்பு காட்டும் கருவி வந்திருக்கிறது என்று உங்களிடம் சொன்ன நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. கையின் மேல் பிடித்தால் பச்சை வெளிச்சத்தில் நரம்பு கோடு கோடாகத் தெரியும். பொடிக் குழந்தைகளைத் தேடித் தேடிக் குத்த வேண்டாம். விற்பவர்கள் ஒரு மாதம் பார்ப்பதற்காகக் கொடுத்திருக்கிறார்கள். உதவினால்தான் வாங்குவேன் என்கிறார் டாக்டர் திருநாவுக்கரசு. சனிக்கிழமை முடிவு சொல்வார்.

கோடு நன்றாகத் தெரிய அறை விளக்கை அணைத்தால், அதுவரை சும்மா இருந்த குழந்தை இருட்டுக்குப் பயந்து அலறுகிறது. விளக்கைப் போட்டால் கோடு மங்குகிறது. ஒரு வழியாக இடம் பார்த்து ஊசியை எடுத்தால், காசியம்மாள் என்ற தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். "அதான் லைட்டு வெச்சிட்டியேமா, ஊசி வேற இன்னாத்துக்கு?"

இது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை நீங்கள். ஆலம்பரைக் கோட்டை பார்க்கக் கம்பெனி நண்பர்களோடு வேனில் வந்தவர்கள் கோட்டையைப் பார்க்க வேண்டியதுதானே மாமா? எங்கள் மருத்துவமனைக்குள் வந்து வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு கை நீட்டினீர்கள். "இன்னாபா, ஒனக்கு இத்தினி கோடு கீது, எனக்கு ஒண்ணையும் காணோம்" என்று எல்லப்பன் அண்ணன் முகம் வாடினார். "நீ ஓவர்டைம் பாக்க மாட்டேன்ற, அதான் ரத்தம் ஓடல" என்றீர்கள். அவர் அதை நம்பி இன்னொரு தரம் காட்டச் சொன்னார். மாமாவின் நண்பராயிற்றே என்று நானும் மறுபடி காட்டினேன். வேன் கிளம்பியதும், வாந்தி பேதியில் துவண்ட கைக்குழந்தை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். கருவியில் சார்ஜ் இல்லை. பழையபடி தடவித் தடவி மூன்று இடத்தில் குத்தினேன். குழந்தை தேறிவிட்டது. டாக்டர்தான் கருவியைக் காட்டி, "பொம்மைய பேக் பண்ணிடுங்க சிஸ்டர்" என்றார்.

மறுநாள் அதே குழந்தைக்கு ஊசியை மாற்ற வேண்டியிருந்தது. சார்ஜ் ஏற்றிய கருவியை வைத்துப் பார்த்தேன், ஒரே குத்து. குழந்தை சிணுங்கக்கூட இல்லை. "எப்பமா குத்துவ?" என்று அதன் அம்மா கேட்டபோது நான் பிளாஸ்திரி ஒட்டி முடித்திருந்தேன். அதைப் பார்க்க டாக்டர் இல்லை, மதுராந்தகம் போயிருந்தார்.

ஆகவே மாமா, இனி யாரையும் இங்கே கூட்டி வராதீர்கள். அத்தைக்கு என் ஸ்தோத்திரம். கர்த்தர் உங்கள் வீட்டைக் காப்பாராக.

அன்புடன்,
சிநேகா

பி.கு.: ஒருவனை மட்டும் கூட்டி வாருங்கள். உங்கள் பேரன் ஜெபசிங்குக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து எத்தனை நாளாகிறது? போன முறை அவனை நாலு இடத்தில் குத்தியதைப் பார்த்து அவனைவிட நீங்கள்தான் அதிகம் அழுதீர்களாம், அத்தை சொன்னார். சனிக்கிழமை காலை வாருங்கள். டாக்டர் கண் முன்னாலேயே ஒரே குத்தில் எடுத்துக் காட்டுகிறேன். பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வாசலிலேயே நில்லுங்கள்.