வேட்பாளர் சேற்றுவாசி

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. இருந்ததால் அதை மூட முடிவு செய்தார்கள். சிங்கராஜாவின் ஹெலிகாப்டர் இறங்க இடம் வேண்டுமாம். ராஜாவிடம் ஹெலிகாப்டர் இல்லை. இடம் தயாரானால் அது தானாக வந்துவிடும் என்று மந்திரிகள் நம்பினார்கள்.

யாரும் குடியில்லாத குளத்தை உடனே மூடலாம். குடியிருந்தால் வார்டு உறுப்பினர் கையெழுத்துப் போட வேண்டும். மீன்கள் போன கோடையிலேயே கொக்குகளின் வயிற்றுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. மிச்சம் ஓர் ஆமை. கரையேறும் பிராணி கணக்கில் வராது என்று தாசில்தார் நரி எழுதிவிட்டது. ஆமைக்கோ அறுபது வருஷமாக வேறு வீடு தெரியாது. சேற்றிலாவது யாராவது குடியிருக்க மாட்டார்களா என்று, பயத்தில் ஒரு கை சேற்றை அள்ளிக்கொண்டு ஆந்தையிடம் ஓடியது. ஆமை ஓடியது என்றால் மூன்று நாள்.

ஆந்தையிடம் ஒரு கருவி உண்டு. சேற்றைப் போட்டால் அதிலுள்ள உயிர்களின் மரபணு எழுத்துகளைப் படித்துவிடும். இந்தச் சேற்றில் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் கோடிக்கணக்கில் வாழ்கிறது, ஆளை யாரும் பார்த்ததில்லை, எழுத்து மட்டும் இருக்கிறது என்றது ஆந்தை. ஆமை அந்தச் சீட்டை நரியிடம் நீட்டியது.

“ஆளு எங்கப்பா?”

“சேத்துலதாங்கய்யா இருக்காங்க. எழுத்து இருக்குதுங்களே.”

“எழுத்து எல்லார் தலையிலயும்தான் இருக்கு. ஆளு நேர்ல வரணும்.”

நேரில் வருவது என்றால், அலுவலகத்துக் கண்ணாடித் தட்டில், கஞ்சிக்கூழின் மேல், தனியாக ஏழு நாள் தங்கிப் பெருகிக் காட்ட வேண்டும். சேற்றுக் கூட்டமோ பரம்பரையாகத் தனியே சாப்பிட்டதில்லை. ஒருவர் கழிப்பதுதான் அடுத்தவருக்குச் சாப்பாடு. பிரித்து வைத்தால் பட்டினி. தட்டில் அவர்கள் பெருகவில்லை. அழைக்காமல் வந்து பெருகியது பச்சைப் பூஞ்சணம். எந்தப் பந்தியிலும் முதல் இலையில் உட்காரும் ஆசாமி அது. நரி முகம் சுளித்து அதைக் கழுவிக் கொட்டியது.

குடியிருப்போர் பட்டியலில் நிரந்தரப் பெயர் கிடையாது, தற்காலிகப் பெயர்தான் என்று உத்தரவானது. எழுத்து மட்டும் உள்ளவர்கள் பெயருக்கு முன்னால், பெயருக்குக் காத்திருப்பவர் என்ற பொருளில், ‘வேட்பாளர்’ என்று போடுவது விதி. நரி ‘வேட்பாளர் சேற்றுவாசி’ என்று எழுதிக் கோப்பைத் தள்ளியது.

அது போய் நின்றது தேர்தல் பிரிவில். வார்டு உறுப்பினர் தேர்தல் நேரம். பிரிவு எழுத்தர் கரடிக்கு எந்தக் கோப்பிலும் முதல் வார்த்தையோடு படிப்பு முடிந்துவிடும். வாக்குச்சீட்டில் சேற்றுவாசி பெயரையும் அச்சடித்துவிட்டது.

வாக்குச்சாவடியில் குரங்கு, இது யார் என்று கேட்டது. யாரும் பார்த்ததில்லை என்றது முயல்.

“வீட்டுக்கு வந்து கும்பிடக்கூட இல்லையா?”

“இல்ல.”

“அப்ப நல்ல ஆளாத்தான் இருப்பாரு.”

சேற்றுவாசி அமோகமாக ஜெயித்தார். ஆமை சந்தோஷத்தில் அழுதது. உறுப்பினரே குளத்துக்காரர், தன் வீட்டை மூடத் தானே கையெழுத்துப் போடுவாரா?

பதவிப் பிரமாணத்துக்கு நேரில் வர வேண்டும். நரி மேளதாளத்தோடு அதே தட்டைக் கொண்டுவந்தது. குளத்திலேயே பிரமாணம் வைத்துக்கொள்ளுங்கள், தனியாகப் பிரிக்காதீர்கள் என்று ஆமை காலில் விழுந்தது. ஆமை நின்றாலும் விழுந்தாலும் ஒரே உயரம் என்பதால் நரி கவனிக்கவில்லை. சேற்றை ஒரு சொட்டு தடவி எடுத்துப் போய்விட்டது. நான்காம் நாள் தட்டு நிறையப் பச்சை. சபை கைதட்டியது.

“அய்யா, இவரு அவரு இல்லீங்க. போன தடவை நீங்களே கழுவிக் கொட்டுனீங்களே.”

“அப்ப அவரு ஜெயிக்கல,” என்றது நரி.

பூஞ்சணம் கடவுள் பெயரால் உறுதிமொழி எடுத்தது. நீட்டிய முதல் கோப்பிலேயே கையெழுத்துப் போட்டது. குளத்தின் கோப்பு.

இரண்டே நாளில் குளம் மைதானமாயிற்று. ஆமை வேறு காட்டுக்கு நடந்தது. அங்கே ஒரு குட்டை கிடைத்தது. முதுகில் சேறு அப்பியிருக்கிறதே, தேய்த்துக் குளி என்று அங்கிருந்த தவளை சொன்னது. ஆமை மாட்டேன் என்றது. அந்தச் சேற்றில் யார் இருக்கிறார்கள் என்று அது யாரிடமும் சொல்லவில்லை. எந்த அலுவலகத்துக்கும் போகவும் இல்லை.

நீதி: நாம் ஓட்டுப் போடுவது சேற்றில் வாழ்பவருக்கு, கையெழுத்துப் போடுவது தட்டில் வளர்பவர். ஆகவே, குளிக்காதீர்கள்.