தீவுப் பல்லியின் இரண்டு முட்டைகள்

எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. எந்தக் கோழியும் என் அளவுக்கு அடைகாத்திருக்காது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விலங்கியலில் முதுகலை முடித்த வருஷம். தீவுகளில் வாழும் பல்லிகளின் வாழ்க்கை வரலாற்றை ஆராய அந்தமான் போகும் குழுவில் ஓர் இடம் காலி. பல்லிகள் எப்போது முட்டையிடும் பருவத்துக்கு வருகின்றன, எத்தனை முட்டை இடுகின்றன, எத்தனை வருஷம் வாழ்கின்றன என்று பார்க்கிற வேலை. சில தீவுகளில் அவற்றைத் தின்கிற வாய்கள் குறைவு. அதனால் அவசரப்படாமல், குறைவாக, ஆனால் பெரிய முட்டையாக இடும் என்று படித்திருந்தேன். விண்ணப்பிப்பவர் சொந்தமாக ஒரு சிறு ஆய்வு செய்து காட்ட வேண்டும். அந்த இடத்தைப் பிடித்தே தீருவது என்று கிளம்பிவிட்டேன்.

விருத்தாசலத்தில் தீவுக்கு எங்கே போவது? ஸ்டேஷன் போகிற வழியில் களிமண் தோண்டிய பள்ளம் ஒன்று, மழைத் தண்ணீர் நின்று குளமாகிக் கிடந்தது. நடுவில் ஒரு மேடு. மேட்டில் எப்போதோ மூடிப்போன பீங்கான் யூனிட்டின் இடிந்த கொட்டகை. சுற்றிலும் தண்ணீர் இருந்தால் தீவுதானே! லாரி டியூபில் உட்கார்ந்து, கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போய் இறங்கினேன். (அம்மாவிடம் லைப்ரரி என்று சொல்லியிருந்தேன்.)

சுவரெல்லாம் பல்லி. கீழே, சூளைக்குள் சாமான் அடுக்கும் பலகைக் கல் ஒன்றில், ஒட்டினாற்போல் இரண்டு வெள்ளை முட்டைகள். பல்லி பெரும்பாலும் ஜோடியாகத்தான் முட்டையிடும். எங்கள் வீட்டுப் பல்லி முட்டை சுண்டைக்காய் அளவு. இதுவோ அரைநெல்லிக்காய் அளவு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பல்லி முட்டையைத் திருப்பினால் உள்ளே குஞ்சு செத்துப்போகும். எனவே தொடாமல், கல்லோடு தூக்கி வந்து என் அறையில் அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். குண்டு பல்பு போட்டு, வேளாவேளைக்குச் சூடு பார்த்து நோட்டில் எழுதினேன். அத்தை மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. ஐம்பது நாள் தாண்டியும் பொரியவில்லையே என்று கவலை வந்தபோது, தீவுப் பல்லி நிதானமாகத்தான் பொரிக்கும் என்று நானே சமாதானம் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

"அந்தப் பொட்டியில அப்பிடி என்னாதான்டி இருக்குது?" என்பாள் அம்மா.

"தொறக்காதம்மா. மூச்சுக்காத்துகூடப் படக் கூடாது."

அறுபத்திரண்டாம் நாள் குழுவின் தலைவி சென்னையிலிருந்து நேரிலேயே வந்துவிட்டார். (நான் எழுதிய மெயில் அப்படி.) மேடத்துக்கு டீ கொண்டுவந்த சித்தப்பாவும் அறைக்குள்ளேயே நின்றுகொண்டார். அவர் பீங்கான் பொம்மை யூனிட்டில் கிளேஸ் பூசுகிறவர். பொம்மைக்குப் பளபளப்பு வருவது அந்தப் பூச்சால்தான். நான் கால்மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன்.

மேடம் குனிவதற்குள் சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இது பிள்ளையாரு பொம்மை கையில வைக்கிற கொழுக்கட்டையாச்சே? கிளேஸு வழிஞ்சி கல்லுல ஒட்டிக்கிச்சின்னா இப்பிடித்தான் தூக்கிப் போட்டுடுவாங்க."

"சித்தப்பா, இது முட்டை. பேசாம இருங்க."

அவர் பேசவில்லை. நகத்தால் ஒரு தட்டு தட்டினார். டிங் என்றது.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "தீவுல ஓடு கொஞ்சம் கெட்டியா இருக்கும் மேடம்" என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"ஒரு நாள்கூட விடல போலிருக்கே?"

"இல்லீங்க மேடம்."

அந்தமான் போச்சு என்று அவர் தலை மறைந்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். அவமானத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். மறுநாளே டியூபில் காற்றடித்துக்கொண்டு நிஜ முட்டை தேடிக் கிளம்பினேன்.

பத்து நாள் கழித்து போன் வந்தது. மேடம்தான். "கொழுக்கட்டைக்கே அறுபத்திரண்டு நாள் காத்திருந்தவ, நிஜ முட்டைய விட்டுட்டு எங்க போயிடப் போற? கிளம்பி வா. ஆனா முட்டைதானான்னு முதல்ல வேற யாரையாவது பார்க்கச் சொல்லு."

அந்தமானில் இது நான்காவது வருஷம். நிஜப் பல்லி, நிஜ முட்டை. ஆய்வுக் கட்டுரைகூட வந்துவிட்டது. அதை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு ஊருக்குப் போனால் மட்டும், அம்மா என் இலையில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டே சொல்வாள்:

"பாத்துத் தின்னுடி, உள்ள குஞ்சு இருக்கப் போவுது."